கையெழுத்தான ஒப்பந்தம் எந்த ஃபோல்டரில்?

[திரையில் நான்கு கோப்புகள்: ஒப்பந்தம்_இறுதி, ஒப்பந்தம்_இறுதி_2, ஒப்பந்தம்_இறுதி_புதியது, ஒப்பந்தம்_இதுதான்_இறுதி]

இந்த நான்கில் கையெழுத்தானது எது? பெயரைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒவ்வொன்றாகத் திறந்து, கடைசிப் பக்கம் வரை போய்ப் பார்க்க வேண்டும்.

சரி, கோப்பு கிடைத்துவிட்டது. எங்கே வைப்பது? இது லிஃப்ட் பராமரிப்புக்கான ஒப்பந்தம். சட்டப் பிரிவு இதை 'ஒப்பந்தங்கள்' ஃபோல்டரில் தேடும். கணக்குப் பிரிவு சப்ளையர் பெயரில் தேடும். கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவரோ கட்டடத்தின் பெயரில் தேடுவார். மூவர் தேடுவதும் நியாயம்தான். ஆனால் ஃபோல்டரில் ஒரு கோப்புக்கு ஒரே இடம். அதனால் மூன்று பிரதிகள் உருவாகும். ஒன்றில் மட்டும் திருத்தம் செய்வார்கள், மற்ற இரண்டும் பழையதாகவே கிடக்கும்.

[திரையில்: கோப்பு நடுவில் நிற்க, சுற்றிலும் சீட்டுகள் ஒவ்வொன்றாக ஒட்டுகின்றன]

வகை: ஒப்பந்தம். சப்ளையர் யார், எந்தக் கட்டடம், நிலை: கையெழுத்தானது, முடியும் தேதி. கோப்பைப் பற்றிய இந்தத் தகவல்கள்தான் மெட்டாடேட்டா. கோப்பு ஒன்றுதான், ஆனால் எந்தச் சீட்டைப் பிடித்து இழுத்தாலும் அது வரும்.

யோசனை புதிதல்ல. நூலகவியலாளர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1933-ல் வெளியிட்ட கோலன் வகைப்பாடு, ஒரு நூலின் பொருளைப் பல முகங்களாகப் பிரித்து, முக்காற்புள்ளியால் கோத்து எண் கொடுத்தது. இணையம் பரவிய காலத்தில், 1995-ல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து டப்ளின் நகரில் கூடியவர்கள் தொடங்கிய டப்ளின் கோர் என்ற பொது மெட்டாடேட்டா பட்டியல், 15 அடிப்படைத் தகவல்களில் வந்து நின்றது. தலைப்பு, உருவாக்கியவர், தேதி, மொழி, உரிமை எல்லாம் அதில் உண்டு.

சீட்டு ஒட்டுவது எளிது. அதில் என்ன எழுதுவது என்பதில்தான் தகராறு.

ஒருவர் 'பில்' என்று எழுதுவார், அடுத்தவர் 'இன்வாய்ஸ்' என்பார். மூன்றாமவர் 'ரசீது' என்று போட்டுவிடுவார். ரசீது வேறு, பில் வேறு என்று கணக்குப் பிரிவு சண்டைக்கு வரும். அந்தச் சண்டையை முதலிலேயே போட்டு முடித்து, இந்தப் பொருளுக்கு இந்தச் சொல், இது இதற்குக் கீழே வரும் என்று எழுதி வைப்பதுதான் டாக்ஸானமி. அலுவலகக் கோப்புகளைச் சேர்த்துவைக்கும் மைக்ரோசாஃப்ட் மென்பொருளான ஷேர்பாயின்ட்டில், இந்தச் சொற்பட்டியலை வைக்க டெர்ம் ஸ்டோர் என்று ஓர் இடம் இருக்கிறது. 'இன்வாய்ஸ்' என்பதை 'பில்'லின் மாற்றுச்சொல்லாகச் சேர்த்துவிட்டால், அப்படித் தட்டுகிறவருக்கும் 'பில்' என்றே எடுத்துக் கொடுக்கும்.

அலுவலகப் பிரிவுகளின் வரைபடத்தையே டாக்ஸானமியாக வைத்துவிடாதீர்கள். பலரும் செய்வது அதைத்தான். இரண்டு பிரிவுகளை இணைத்த மறுநாளே பட்டியல் பொய்யாகிவிடும். ஆவணம் என்ன வேலைக்கு என்று பிரித்தால் அது நிலைக்கும். ஆளெடுப்பு யார் கைக்குப் போனாலும் ஆளெடுப்புதானே!

[திரையில்: கோப்பைப் பதிவேற்றும் படிவம், 12 கட்டங்கள், எல்லாவற்றிலும் சிவப்பு நட்சத்திரம்]

இதைப் பார்த்தால் என்ன செய்வீர்கள்? நானும் அதைத்தான் செய்வேன்: ஒவ்வொரு பட்டியலிலும் முதலில் இருப்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் போய்விடுவேன். முதலில் இருப்பது 'அறிக்கை' என்றால், மாதக் கடைசியில் எல்லாமே அறிக்கைதான். ஆகவே ஆளிடம் கேட்பது மூன்று நான்கு கேள்வியோடு நிற்கட்டும். பதிவேற்றியவர், நாள் எல்லாம் தானாகவே பதிவாகும். ஒரு எச்சரிக்கை: வேர்ட் கோப்பில் 'ஆசிரியர்' என்று தெரியும் பெயர், என்றோ அந்த மாதிரிப் படிவத்தைச் செய்துவைத்தவருடையதாகவும் இருக்கலாம்.

அப்புறம், ஃபோல்டர் எதிரி ஒன்றுமில்லை. ஷேர்பாயின்ட்டில் ஒரு ஃபோல்டருக்கென்று இயல்பு மதிப்பைக் குறித்து வைக்கலாம். அதற்குள் போடுகிற கோப்புக்குக் கட்டடத்தின் பெயர் தானாக வந்துவிடும்.

[திரையில்: வடிகட்டிய பட்டியல், 'அடுத்த 60 நாளில் முடியும் ஒப்பந்தங்கள்']

இந்தப் பட்டியலை யாரும் உட்கார்ந்து தயாரிக்கவில்லை. முடியும் தேதி என்ற ஒரு கட்டத்தை ஒழுங்காக நிரப்பியதால் கிடைத்தது. ஆரம்பிப்பதானால் இப்படி ஒரே ஒரு ஆவண வகையில் ஆரம்பியுங்கள். பட்டியலில் 'மற்றவை' என்றும் ஒன்று இருக்கட்டும். மாதம் ஒருமுறை அதைத் திறந்து பாருங்கள். அதில் ஒரே மாதிரி ஆவணம் சேர்ந்துகொண்டே போனால், அதற்குத் தனியாக ஒரு பெயர் வைக்கும் நேரம் வந்துவிட்டது.