அது சத்திரம் இல்லை, கடைதான்!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, எல்லாருக்கும் வணக்கம். நேரம் கம்மி, நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

‘தொழில் தழைப்பது பணத்தாலா, பண்பாலா?’ இதுதான் தலைப்பு. பண்பாலதான்னு சொல்ற எங்க அணியில முதல்ல பேசினவர், ஜப்பான்ல ஒரு பழைய கடையில மழை வந்தா வாடிக்கையாளருக்குக் குடை கொடுத்து அனுப்புவாங்கன்னு சொன்னார். உடனே எதிரணித் தலைவர், “அது கடையா, சத்திரமா? கொடுத்த குடை திரும்பி வருமா?”ன்னு கேட்டார். நீங்களும் கைதட்டினீங்க. பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்!

ஐயா, அந்தக் கடை பேரு எச்சிகோயா. 1673ல எடோவுல, அதாவது இன்றைய டோக்கியோவுல, மிட்சுயி தகாதோஷி ஆரம்பிச்ச துணிக்கடை. 1904ல மிட்சுகோஷி டிபார்ட்மென்ட் ஸ்டோர் ஆச்சே, அதே கடைதான். அவருக்கு முன்னாடி அந்த ஊர்ல பட்டு வியாபாரம் எப்படி? பிரபு வீட்டுக்கு மூட்டையைத் தூக்கிட்டுப் போகணும். ஆளைப் பார்த்து விலை. எல்லாம் கடன், வசூல் வருஷத்துக்கு ஒரு தடவையோ ரெண்டு தடவையோ. வாங்கினா முழுச் சுருளா வாங்கணும். இவர் வந்தார். ரொக்கம் மட்டும். எல்லாருக்கும் ஒரே விலை, பேரம் கிடையாது. கொஞ்சம் துணி கேட்டாலும் வெட்டிக் கொடு. ஒவ்வொரு ரகத்துக்கும் தனி ஆள்.

பக்கத்துக் கடைக்காரங்களுக்கு வயிறு எரிஞ்சுது. தங்களோட கழிவறையை இவர் சமையலறைப் பக்கமாத் திருப்பிக் கட்டினாங்களாம். பணபலம் என்ன செய்யும்னு கேட்டீங்களே நடுவரே, இதைத்தான் செய்யும்!

இப்ப குடைக்கு வர்றேன். மழை பிடிச்சுக்குது. வாசல்ல ஒரு அம்மா, கையில புதுப் பட்டு. கடைப்பையன் ஓடி வந்து குடையை நீட்டறான். எண்ணெய்க் காகிதக் குடை, அதுல பெருசாக் கடை முத்திரை. அந்த அம்மா நடக்கறாங்க. பாலத்துல ஒருத்தி பார்க்கறா. சந்து முனையில இன்னொருத்தி பார்க்கறா. மழை வலுக்க வலுக்க ஊர் பூரா எச்சிகோயா! எடோக் கவிஞர்கள் இதைக் கிண்டல் பண்ணிக் குறும்பாட்டே எழுதியிருக்காங்க. குடை திரும்பி வரலையா? வரவே வேண்டாம் ஐயா! அடுத்த மழைக்கும் அது தெருவுல கடை பேரைச் சொல்லும். எங்க வீட்டுக்காரர் கல்யாண மண்டபங்கள்ல விட்டுட்டு வந்த குடையில எல்லாம் என் பேரை எழுதியிருந்தா, இந்நேரம் நான் கவுன்சிலர்!

“அப்போ இது விளம்பரத் தந்திரம்தானே”ன்னு தலைவர் சிரிக்கறார். சிரிங்க. ஆனா நனையப் போறவங்களைப் பார்த்ததும் மனசு பதறுதே, அந்தப் பதற்றம் எந்தக் கல்லாப்பெட்டியில இருந்துய்யா வரும்?

சரி, குடையை விடுங்க. அந்தக் கடையை ஆரம்பிச்ச தகாதோஷி 14 வயசுல எடோவுக்கு அண்ணன் கடைக்குப் போனவர். நல்லாத் தொழில் கத்துக்கிட்டார். 28 வயசுல, அம்மாவைப் பார்த்துக்கறதுக்காகச் சொந்த ஊரு மட்சுசாகாவுக்குத் திரும்பினார். அப்புறம் 24 வருஷம் அங்கேயேதான். அந்த அம்மா ஷுஹோ சாதாரண ஆள் இல்லை. புருஷனுக்கு வியாபாரத்துல நாட்டம் இல்லைன்னு, அடகுக் கடையைத் தானே நின்னு நடத்திக் குடும்பத்தைக் காப்பாத்தினவங்க. மகன் ஐம்பது வயசைத் தாண்டி எடோவுல கடை திறந்த சேதியைக் கேட்டுட்டுத்தான், எண்பதைத் தாண்டின அந்தத் தாய் கண்ணை மூடினாங்க.

இந்தக் கூட்டத்துல எத்தனை அம்மாக்கள் தாலிக்கொடியை அடகு வெச்சு மகனுக்குக் கடை வெச்சுக் கொடுத்திருக்கீங்க! அது வெறும் பணம்னு தலைவர் சொல்லட்டும் பார்ப்போம். என்கிட்ட வேண்டாம், இந்த அம்மாக்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்!

மணி அடிச்சிட்டீங்க நடுவரே. கைதட்டல் நிக்கட்டும், உட்கார்ந்துடறேன்.