மாலை போட்டால் நெளிந்திருப்பார்: மார்ஜரி சைக்ஸ் நினைவுப் பேச்சு

அவைத் தலைவர் அவர்களே, நண்பர்களே, வணக்கம்.

மேடையில் குத்துவிளக்கு எரிகிறது, படத்துக்கு ரோஜா மாலை. மார்ஜரி சைக்ஸ் அம்மையார் இதைப் பார்த்திருந்தால் நெளிந்திருப்பார். அவர் சார்ந்த குவேக்கர் என்னும் கிறிஸ்தவச் சபையின் மரபில் நினைவுக் கூட்டத்துக்குப் பாதிரியார் கிடையாது, பேச்சாளர் பட்டியலும் கிடையாது. எல்லோரும் மௌனமாக உட்கார்ந்திருப்பார்கள். சொல்லியே ஆகவேண்டும் என்று யாருக்கு உள்ளே உந்துகிறதோ அவர் எழுந்து நாலு வார்த்தை சொல்லிவிட்டு உட்காருவார். மறுபடி மௌனம். இறந்தவர் வாழ்வில் தெரிந்த இறையருளுக்கு நன்றி சொல்வார்களே தவிர, அவரைத் தூக்கிவைத்துப் புகழமாட்டார்கள். நாம் இரங்கல் கூட்டத்திலும் மைக்கை விடாதவர்கள். ஆகவே நான் பேசத்தான் போகிறேன்!

1905இல் இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பகுதியில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு, 1928இல் நம் சென்னைக்கு, வேப்பேரி பெண்டிங்க் பெண்கள் பள்ளிக்கு ஆசிரியையாக வந்தார். தமிழ் கற்றார். குவேக்கர் சபையில் சேர்ந்ததுகூட இந்தியாவுக்கு வந்த பிறகுதான். அப்புறம் தாகூரின் சாந்திநிகேதன். அங்கே வங்காள மொழி கற்று, தாகூரின் நாடகங்கள் மூன்றை ஆங்கிலத்தில் தந்தார். அடுத்து காந்தியின் ஆசிரமம் இருந்த சேவாகிராமம். கைத்தொழில் வழியே பாடம் சொல்லித்தரும் காந்தியின் ஆதாரக் கல்வியை அங்கே நடத்திவந்தவர்கள் யாழ்ப்பாணத் தமிழரான ஆரியநாயகமும் அவர் மனைவி ஆஷாதேவியும். அவர்களோடு சேர்ந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். இந்தியக் குடிமகளும் ஆனார். கோத்தகிரியிலும் வாழ்ந்தார்.

அவருடைய கல்விப் பணியைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். என் கணக்கில் அதைவிடப் பெரியது நாகாலாந்து. 1964இல் இந்திய அரசுக்கும் தனிநாடு கேட்ட நாகா போராளிகளுக்கும் இடையே போர்நிறுத்தம் வந்தது. ஜெயப்பிரகாஷ் நாராயண், அசாம் முதல்வர் சாலிஹா, பாதிரியார் மைக்கேல் ஸ்காட் மூவரும் சேர்ந்த அமைதிக் குழு முயன்று வாங்கிய போர்நிறுத்தம் அது. அது குலையாமல் பார்த்துக்கொள்ள அமைதிப் பார்வையாளர்கள் தேவைப்பட்டார்கள். அறுபதை நெருங்கும் வயதில் இந்த அம்மையார் போனார். பிற்காலத்தில் காந்திகிராமத் துணைவேந்தராக இருந்த டாக்டர் ஆரமும் அங்கே பணியாற்றினார்.

என்ன வேலை தெரியுமா? "அவர்கள் ஒப்பந்தத்தை மீறிவிட்டார்கள்" என்று இவர்கள் சொல்வார்கள்; அவர்கள் இவர்களைச் சொல்வார்கள். இரண்டு பக்கத்தையும் முழுக்கக் கேட்கவேண்டும். கையில் ஆயுதமும் இல்லை, உத்தரவு போடும் அதிகாரமும் இல்லை. பேச்சில் வல்லவர்களான நம்மில் எத்தனை பேர் அந்த வேலைக்குத் தேறுவோம்? எதிராளி முடிக்கும்வரை வாயைத் திறக்காமல் இருப்பது குவேக்கர்களுக்கு மௌன வழிபாட்டில் வாராவாரம் பயிற்சி. போரில் எந்தப் பக்கமும் ஆயுதம் ஏந்துவதில்லை என்று 1660இலேயே இங்கிலாந்து மன்னருக்கு எழுதிக் கொடுத்த சபை அவர்களுடையது. அம்மையாருக்கு அது ஏட்டுச் சுரைக்காயாக இருக்கவில்லை.

எழுபது வயதுக்கு மேல் மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் பக்கம் ரசூலியாவில், குவேக்கர்களின் கிராம மையத்தில் இருந்தார். இந்தியக் குவேக்கர்களின் வரலாற்றை எழுதினார். கடைசிக் காலத்தில் இங்கிலாந்துக்குத் திரும்பி, 1995இல் தொண்ணூறு வயதில் காலமானார்.

ஒரு விண்ணப்பம். அடுத்த கூட்டத்தை வேப்பேரிப் பள்ளியிலேயே, அந்தப் பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு நடத்துங்கள். விளக்கும் மாலையும் வேண்டாம். முதல் பத்து நிமிடம் எல்லோரும் பேசாமல் உட்காரலாம். என்னைக் கூப்பிட்டால் நானும் வந்து உட்காருகிறேன்.

நன்றி, வணக்கம்.