மகள் இறைக்கும் தண்ணீர்

பெருமதிப்புக்குரிய தலைவர் ஐயா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நீதியரசர் ஐயா அவர்களே, எங்கள் அழைப்பை ஏற்று வந்திருக்கும் வங்காளப் பேராசிரியர் அம்மா அவர்களே, இந்த மண்டபத்துக்கு மின்விசிறிகள் வாங்கித் தந்த லேக் மார்க்கெட் வணிகப் பெருமக்களே, மத்தியானத்திலிருந்து காபிக்கும் சுண்டலுக்குமாக ஓயாமல் வேலை செய்துகொண்டிருக்கும் மாதர் குழுச் சகோதரிகளே, குழந்தைகளே, எல்லாருக்கும் வணக்கம்.

மகாளய பட்சத்தில் கூட்டம் வைக்கலாமா என்று இரண்டு மூன்று பேர் தயங்கினார்களாம். "பித்ருக்களைப் பற்றிப் பேச இதைவிட நல்ல நாள் ஏது?" என்று தலைவர் ஐயாதான் முடித்துவைத்தார் எனச் செயலாளர் தம்பி சொன்னார். ஐயாவுக்கு முழங்காலில் அறுவை நடந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இந்த மாடிப்படி ஏறி வந்து உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு என் நமஸ்காரம். நீதியரசர் ஐயா இருப்பது எனக்குத் தனித் தைரியம், ஏனென்றால் நான் இன்று ஒரு வழக்கோடு வந்திருக்கிறேன்: அப்பாவுக்கு மகள் தர்ப்பணம் செய்யலாமா? பேராசிரியர் அம்மாவுக்குத் தமிழ் புரியாது. பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொல்லிக்கொண்டிருக்கும் பெண்ணுக்கும் நன்றி.

அழைப்பிதழில் மூன்று விஷயம் போட்டிருக்கிறார்கள். மகாலயா, அதாவது மகாளய அமாவாசை, தர்ப்பணம் ஒன்று. துர்கா பூஜை சப்தமி விடியலில் ஒன்பது செடிகளைச் சேர்த்துக் கட்டி, நதியில் குளிப்பாட்டி, வாழைக்குச் சிவப்புக்கரைப் புடவை கட்டிக் கொண்டுவருவார்களே, அந்த நவபத்திரிகை இன்னொன்று. காளிபூஜைக்கு முதல்நாள் ஏற்றும் விளக்கு மூன்றாவது.

என் பாட்டி எதற்கெடுத்தாலும் ஒரு பழமொழி சொல்வாள்: நீரடித்து நீர் விலகாது. அண்ணன் தம்பி சண்டை என்றாலும் அதுதான், மாமியார் மருமகள் மனஸ்தாபம் என்றாலும் அதுதான். முப்பத்தெட்டு வருஷமாக இந்தக் கொல்கத்தாவில் மகாலயாவைப் பார்த்துவருகிற எனக்கு, அந்த ஒரு வரியே போதும் என்று தோன்றுகிறது.

மகாலயா அன்று விடியற்காலை நாலு மணிக்குக் கொல்கத்தாவில் வீட்டுக்கு வீடு ரேடியோ ஒலிக்கும். பாணி குமார் எழுதி, பங்கஜ் மல்லிக் இசையமைத்து, பீரேந்திர கிருஷ்ண பத்ரர் சண்டி சுலோகங்கள் சொல்லும் மகிஷாசுரமர்த்தினி. 1930களின் தொடக்கத்தில் ஆரம்பித்தது. 1976இல் அதை எடுத்துவிட்டு உத்தம் குமாரைப் பேசவைத்தார்கள். எவ்வளவு பெரிய நடிகர்! அப்படியும் ஜனங்கள் கொதித்துப்போனார்கள், பழைய குரலையே திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. பிராமணர் அல்லாத ஒருவர் சண்டி சொல்லலாமா என்று தொடக்கத்தில் முணுமுணுத்தவர்களும் உண்டு என்பார்கள். இன்றைக்கு அந்தக் குரல் இல்லாவிட்டால் வங்காளிக்கு மகாலயாவே இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

ரேடியோ கேட்டு முடிந்ததும் ஆண்கள் கங்கைக்குப் போவார்கள். பாபுகாட், பாக்பஜார், அஹிரிடோலா என்று எல்லாப் படித்துறையிலும் இடுப்பளவு தண்ணீரில் நின்று, தெற்கே பார்த்து, எள்ளும் தண்ணீரும் இறைப்பார்கள். அன்றைக்கே, சிலை செய்பவர்கள் வாழும் குமார்டுலியில் தேவிக்குக் கண் எழுதுவார்கள். மறுநாள் தேவி பட்சம் பிறந்துவிடும். இங்கே பித்ருவும் தேவியும் ஒரே வாசற்படியின் இரண்டு பக்கம். நமக்கும் அப்படித்தானே? மகாளய அமாவாசைக்கு மறுநாள்தான் கொலு. "தென்புலத்தார் தெய்வம்" என்று வள்ளுவர் வைத்த வரிசையும் இதுதான். முதலில் முன்னோர், அப்புறம் தெய்வம்.

ஆனால் இங்கே வருகிற தெய்வம் யார்? வங்காளிக்குத் துர்க்கை முதலில் மகள். கயிலாயத்தில் கட்டிக்கொடுத்த உமா, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்கு நாலு நாள் வருகிறாள். "போய் என் பெண்ணைக் கூட்டிவா" என்று அவள் அம்மா மேனகை கணவரிடம் அழுவதைத்தான் ஆகமனிப் பாட்டுகள் பாடுகின்றன. தசமி அன்று சுமங்கலிகள் நாற்காலி போட்டு ஏறி, அந்த மண் முகத்தை வெற்றிலையால் துடைத்து, வாயில் சந்தேஷ் இனிப்பு ஊட்டி, "ஆபார் எஷோ மா" என்று சொல்லி அனுப்புவார்கள். திரும்பி வா அம்மா. மகளை ஊருக்கு அனுப்பியவர்களுக்கு அந்த நேரம் தொண்டை அடைக்கும்.

மகள் வருவது இத்தனை பெரிய திருவிழா. 2021 டிசம்பரில் யுனெஸ்கோவே கொல்கத்தாவின் துர்கா பூஜையைத் தன் பட்டியலில் சேர்த்தது. ஆனால் பூஜைக்கு ஒரு வாரம் முன்னால், அதே நதியில், வீட்டு மகள் தன் அப்பாவுக்கு ஒரு கை தண்ணீர் இறைக்கப் போனால் என்ன நடக்கிறது?

ஒரு சம்பவம் சொல்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கட்டடத்தில் கீழ்வீட்டில் ஒரு தீதி, அக்கா என்று அர்த்தம். ஒரே பெண். அப்பா பள்ளிக்கூட வாத்தியார், தேசப் பிரிவினையில் கிழக்கு வங்காளத்திலிருந்து கையில் ஒரு தகரப்பெட்டியோடு வந்தவர். ஒவ்வொரு மகாலயாவுக்கும் தவறாமல் கங்கைக்குப் போவார். தன் அப்பா அம்மாவை எரித்த ஊருக்குத் திரும்பிப் போக முடியாதவருக்கு இந்தத் தண்ணீர்தான் வழி. அவர் காலமான பிறகு வந்த முதல் மகாலயா. முதல்நாள் ராத்திரி தீதி மேலே வந்தாள். என்னை அவள் பௌதி, அதாவது அண்ணி, என்றுதான் கூப்பிடுவாள். "பௌதி, என்கூட நாளைக்கு பாபுகாட் வருகிறாயா?" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

நாலரைக்கு டாக்சி பிடித்தோம். டீக்கடை ரேடியோவில் பத்ரர் குரல். பாபுகாட்டில் நிற்க இடமில்லை. ஒவ்வொரு புரோகிதரைச் சுற்றியும் இருபது முப்பது பேர். முதலில் பார்த்தவர் தீதியை மேலும் கீழும் பார்த்தார். "மகன் இல்லையா? மருமகன்?" அப்பாவுக்கு மகன் இல்லை. தீதியின் மகன் வெளிநாட்டில், கணவர் படுக்கையில். "அப்படியென்றால் அப்பாவுடைய பங்காளி யாராவது?" ஒரு சித்தப்பா மகன் இருந்தான், பெரியப்பா முகத்தைப் பார்த்தே இருபது வருஷம் ஆகியிருக்கும். அவன் வந்தால் செய்துவைப்பாராம். இல்லையென்றால் ஐநூறு ரூபாய் கொடுங்கள், நானே உங்களுக்காக இறைத்துவிடுகிறேன் என்றார். பதினோரு வருஷம் அப்பாவுக்குச் சோறு ஊட்டி, சிறுநீர்ப் பை மாற்றிய கை அது. அந்தக் கை ஆகாது, ஐநூறு ரூபாய் ஆகும். இரண்டாவது புரோகிதர் பதிலே சொல்லாமல் திரும்பிக்கொண்டார்.

படியில் எள்ளும் தர்ப்பையும் விற்றுக்கொண்டிருந்த ஒரு கிழவி இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தாள். வெள்ளைப் புடவை, வாயில் பல் இல்லை. "கயாவில் சீதை கொடுத்தது உனக்குத் தெரியாதா பெண்ணே?" என்றாள். வங்காளத்திலும் பீகாரிலும் எல்லாருக்கும் தெரிந்த கதைதான். ராமனும் லட்சுமணனும் சிராத்தத்துக்குச் சாமான் வாங்கப் போயிருக்கிறார்கள். நேரம் தப்புகிறது. தசரதர் கை நீட்டிக் கேட்கிறார். சீதையிடம் ஒன்றுமில்லை. பல்கு நதி மணலை எடுத்துப் பிண்டம் பிடித்து வைக்கிறாள். தசரதர் வாங்கிக்கொண்டு திருப்தியாகப் போய்விடுகிறார். ராமன் வந்து நம்பவில்லை. சாட்சி கேட்டால் நதி பொய் சொல்கிறது, பசு பொய் சொல்கிறது, தாழம்பூ பொய் சொல்கிறது. ஆலமரம் மட்டும் உண்மை பேசுகிறது. பொய் சொன்ன பல்குதான் சாபத்தால் இன்றைக்கும் மணலுக்கு அடியில் ஓடுகிறது. "மாமனாருக்கு மருமகள் மணலைக் கொடுத்தாள், வாங்கிக்கொண்டார். நீ உன் அப்பனுக்குக் கங்கையையே கொடுக்கிறாய், வாங்கமாட்டாரா? இறங்கு!" என்று ஒரு பொட்டலம் எள்ளைத் தீதி கையில் திணித்தாள். காசு வாங்கவில்லை.

தீதி இறங்கினாள். அவள் பையில் அப்பாவின் பழைய நோட்டு இருந்தது. வங்காள எழுத்தில் மந்திரம். பக்கத்திலேயே பால்காரன் கணக்கு. அதைப் பிரித்துப் படித்து இறைத்தாள். நான் பின்னால் நின்று புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டேன். பீஷ்மருக்கு இறைக்கும் இடம் வந்தது. பிள்ளை இல்லாத பீஷ்மருக்கு நான் தண்ணீர் தருகிறேன் என்று வரும். அதன் பிறகு, உறவானவர்களுக்கும் உறவில்லாதவர்களுக்கும், வேறு பிறவியில் உறவாயிருந்தவர்களுக்கும் தருகிறேன் என்று வரும். பிரம்மா முதல் புல் வரை எல்லா உயிரும் திருப்தி அடையட்டும் என்றும் வரும். படித்துக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டாள். "பௌதி, யாரென்றே தெரியாத எல்லாருக்கும் இறைக்கலாமாம். எனக்கு மட்டும் என் அப்பாவுக்கு இறைக்கக்கூடாதாம்" என்றாள். அவள் அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன். சாவு வீட்டில்கூட அவள் அழவில்லை. பக்கத்தில் தண்ணீரில் நின்றிருந்த ஒரு பெரியவர் தன் செம்புப் பாத்திரத்தை நீட்டி, "இதில் இறை அம்மா, கையில் எள் தங்காது" என்றார். முடித்துவிட்டுக் கரையேறி, ஈரத்தோடு நின்று இருவரும் கச்சூரியும் ஆலு தொர்காரியும் சாப்பிட்டோம். வரும் வழியெல்லாம் டாக்சியில் தீதி தூங்கினாள்.

நீரடித்து நீர் விலகாது. கும்பகோணத்தில் என் அப்பாவுக்கு எல்லாம் செய்தது யாரோ ஒரு பங்காளி. நாங்கள் இரண்டு பெண்கள் கதவுக்குப் பின்னால் நின்றோம். அதைப் பற்றி இங்கே அதிகம் பேச விரும்பவில்லை.

சாஸ்திரம் படித்த பெரியவர்கள் இந்தச் சபையில் இருக்கிறார்கள். கல்யாணமான பெண்ணுக்குக் கோத்திரம் மாறிவிட்டதே என்பார்கள். சரி. அதே தர்ப்பணத்தில் அம்மாவின் அப்பாவுக்கும், அவர் அப்பாவுக்கும் தண்ணீர் உண்டு. கோத்திரம் வேறுதான், ஆனாலும் பேரன் கொடுக்கிறான். பேரனுக்கும் தாத்தாவுக்கும் நடுவில் நிற்கிற அந்த ஒருத்தி வழியாகத்தானே அந்த உறவே வந்தது? அவளுக்கு மட்டும் எப்படி இல்லாமல் போகும்?

பாபுகாட்டைக் கட்டியது யார்? ராணி ராஷ்மோனி, தன் கணவர் பாபு ராஜ்சந்திர தாஸ் பெயரில். தட்சிணேஸ்வரம் காளி கோயிலை 1855இல் எழுப்பியவரும் அவர்தான். பேலூர் மடத்தில் 1901இல் சுவாமி விவேகானந்தர் துர்கா பூஜை தொடங்கியபோது சங்கல்பம் யார் பெயரில் நடந்தது? அன்னை சாரதா தேவி பெயரில். இன்றைக்கும் அவர் பெயரில்தான் நடக்கிறது. குமார்டுலியில் அப்பா போனபின் அவர் பட்டறையை ஏற்று நடத்தும் சைனா பால் ஒரு பெண். தேவிக்கு அவர் கண் எழுதுகிறார். நமக்குப் பக்கத்தில், 66 பல்லி பந்தலில், 2021இல் நந்தினி பௌமிக் அம்மையாரும் அவர் குழுவினரும், நாலு பெண்கள், துர்கா பூஜையை நடத்திவைத்தார்கள். பந்தல் சரியவில்லை. இதற்காகத்தான் பத்ரரை நினைவில் வைக்கச் சொன்னேன். யார் சொல்லலாம் என்று தொடக்கத்தில் கேட்பார்கள். பழகிவிட்டால் அந்தக் குரல் இல்லாமல் விடியாது.

தம்பி சீட்டு அனுப்பியிருக்கிறார், பத்து நிமிஷம்தான் பாக்கி. நவபத்திரிகையை இன்னொரு மாதம் வைத்துக்கொள்வோம். விளக்கைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். காளிபூஜைக்கு முதல்நாள் பூத் சதுர்த்தசி. அன்று பதினாலு வகைக் கீரை சமைத்து உண்டு, சாயங்காலம் பதினாலு விளக்கு வைப்பார்கள், பதினாலு தலைமுறை முன்னோருக்கு. வாசல், கிணற்றடி, துளசி மாடம், மாடிப்படி, இருட்டு எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம். அந்த விளக்குகளை ஏற்றுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான். மருமகள் ஏற்றுகிறாள், பிறந்த வீட்டுக்கு வந்திருக்கும் மகளும் ஏற்றுகிறாள். உன் கோத்திரம் என்ன என்று எந்த விளக்கும் கேட்பதில்லை. பதினாலு தலைமுறைக்கு நெருப்பு ஏற்றிக்கொடுக்கத் தகுந்த கையில், ஒரு தலைமுறைக்குத் தண்ணீர் கொடுக்கத் தடை என்றால் எனக்கு மனம் ஒப்பவில்லை.

தலைவர் ஐயாவிடமும் செயற்குழுவிடமும் என் வேண்டுகோள் ஒன்றுதான். தர்ப்பணம் செய்ய விரும்பும் பெண்கள் போய்வர இந்தச் சங்கம் ஏற்பாடு செய்து தரவேண்டும். விருப்பமில்லாதவர்களை யாரும் கூப்பிடப்போவதில்லை. தயங்குகிற அப்பாக்கள் யாராவது இங்கே இருந்தால், இன்றைக்கு வீட்டுக்குப் போய் உங்கள் மகளிடம் "எனக்கு நீ செய்" என்று ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். பின்னால் அவள் யாரிடமும் போய்க் கெஞ்ச வேண்டியிருக்காது. நீரடித்து நீர் விலகாது என்று சும்மா வாயால் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

இந்த வருஷம் எப்படியும் நாங்கள் போகிறோம். மகாலயா அன்று விடியற்காலை நாலரைக்கு இந்த மண்டப வாசலில் இரண்டு வண்டி நிற்கும். எள்ளும் தர்ப்பையும் என் பொறுப்பு. ஆளுக்கொரு செம்புப் பாத்திரமும் மாற்றுப் புடவையும் எடுத்து வாருங்கள். மூன்று தலைமுறைப் பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், தண்ணீரில் இறங்கியதும் மறந்துபோகும். படியில் வண்டல், வழுக்கும். அமாவாசை ஆனதால் கடலேற்றத்தில் நதித் தண்ணீர் நிறைய உயரும். ஒலிபெருக்கியில் எச்சரித்தால் உடனே மேலே ஏறிவிட வேண்டும். வர விரும்புகிறவர்கள் பெயர் கொடுக்கலாம். காபி மேசைக்குப் பக்கத்தில் தீதி நோட்டோடு உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குத் தமிழ் வராது, பெயரை மெதுவாகச் சொல்லுங்கள்.