கவட்டை வளைவும் பேன்ட்டின் பொருத்தமும்

நேயர்களுக்கு வணக்கம். சட்டையையும் பாவாடையையும் தயங்காமல் வெட்டித் தைப்பவர்கள்கூட, பேன்ட் என்று வந்ததும் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். இடுப்பளவு சரி, சீட் அளவு (பின்புறம் எடுப்பாக உள்ள இடத்தின் சுற்றளவு) சரி, உயரமும் சரி. ஆனாலும் போட்டுப் பார்த்தால் எங்கோ பிடிக்கிறது, எங்கோ தொங்குகிறது என்பார்கள். அந்தக் குறையைத் தேடிப் போனால் பெரும்பாலும் ஓரிடத்தில்தான் போய் நிற்போம். முன்னிடுப்பின் நடுவிலிருந்து இறங்கி, தொடைகளுக்கு இடையே புகுந்து, பின்னிடுப்பின் நடுவுக்கு ஏறுகிறதே, அந்தக் கவட்டை வளைவுதான் அது. பேன்ட்டின் பொருத்தத்தை மாற்ற விரும்புகிறவர் பக்கத் தையலைப் பிடிப்பதற்கு முன்னால் இந்த வளைவைக் காகித மாதிரியிலேயே, அதாவது துணியின் மேல் வைத்து வெட்டுவதற்கான காகித வடிவத்திலேயே, திருத்தக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதைத்தான் இன்று விளக்க விரும்புகிறேன்.

அளவு வாரியாக வெட்டிய காகித மாதிரிகளை 1863ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எபனேசர் பட்டரிக் என்னும் தையற்கலைஞர் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அன்று முதல் இன்றுவரை, கடையில் வாங்கும் மாதிரி எதுவாக இருந்தாலும் அது ஒரு கற்பனை உடலுக்காக வரையப்பட்டதே. அந்த உடலுக்கு இடுப்புச் சுற்றளவும் சீட் சுற்றளவும் உண்டு. ஆனால் உங்கள் வயிறு முன்னே தள்ளியிருக்கிறதா, பின்பக்கம் தட்டையாக இருக்கிறதா, தொடையின் சதை முன்புறம் திரண்டிருக்கிறதா, உட்புறம் திரண்டிருக்கிறதா என்பதெல்லாம் காகிதத்துக்குத் தெரியாது. சுற்றளவு ஒன்றாகவே இருக்கும் இரண்டு பேரின் உடல் அமைப்பு ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஒருவருக்குக் கவட்டை நீளம் மொத்தம் 70 சென்டிமீட்டர் என்றால், அதில் முன்பக்கம் 32, பின்பக்கம் 38 என்று இருக்கலாம். இன்னொருவருக்கு அதே 70இல் முன்பக்கம் 28, பின்பக்கம் 42 என்று இருக்கலாம். முதலாமவருக்குப் பொருந்தும் மாதிரியிலேயே இருவருக்கும் தைத்தால் இரண்டாமவருக்கு முன்னால் துணி மிஞ்சும், பின்னால் துணி போதாது.

ஆகவே முதல் வேலை அளவெடுப்பது. இடுப்பில் ஒரு நாடாவைக் கிடைமட்டமாகக் கட்டிக்கொண்டு, முன் நடுவில் தொடங்கி, கால்களுக்கு இடையே கொண்டுபோய்ப் பின் நடுவரை இஞ்ச் டேப்பைப் பிடியுங்கள். உள்தொடையின் உச்சியில் டேப்பில் ஒரு சிறு கிளிப்பை மாட்டிவிட்டால், முன்பக்கம் எவ்வளவு, பின்பக்கம் எவ்வளவு என்பது தனித்தனியே தெரிந்துவிடும். அடுத்து, கெட்டியான நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, இடுப்பு நாடாவிலிருந்து நாற்காலிப் பலகைவரை பக்கவாட்டில் அளந்தால் கிடைப்பது சீட் ஆழம். இனிக் காகிதத்துக்கு வாருங்கள். வளைவான கோட்டின் மேல் டேப்பைத் தட்டையாக வைத்தால் அது வளையாமல் மடங்கிக்கொள்ளும். டேப்பை விளிம்பில் நிறுத்தி, கோட்டின் வழியே நடத்திச் செல்லுங்கள். தையலுக்கு விட்ட காகிதத்தைச் சேர்க்காமல், தையல் விழும் கோட்டையே அளக்க வேண்டும். நீட்சி இல்லாத நெய்த துணிக்கு, உடலின் கவட்டை நீளத்தைவிடக் காகிதத்தின் நீளம் 2 முதல் 4 சென்டிமீட்டர்வரை கூடுதலாக இருந்தால் உட்காரவும் குனியவும் இடம் இருக்கும்.

அளவு மட்டும் போதுமா என்றால், போதாது. மாதிரியைக் காடாத் துணியில் பெரிய தையலாக ஓட்டி, ஒருமுறை அணிந்து பார்த்தே ஆக வேண்டும். நெடுக்கு இழைக்கு நேராக ஒரு கோடும், சீட் மட்டத்தில் ஒரு கோடும் பேனாவால் போட்டுக்கொண்டால், துணி எந்தப் பக்கம் இழுபடுகிறது என்பதை அந்தக் கோடுகளே காட்டிவிடும். பிறகு சுருக்கங்களைப் பாருங்கள். சுருக்கங்களில் இரண்டு வகை உண்டு. விரலால் கிள்ளினால் கைக்கு வராமல் விறைத்து நிற்பது துணி போதாததால் வரும் சுருக்கம். கிள்ளினால் தாராளமாக மடிந்து வருவது துணி மிஞ்சியதால் வரும் சுருக்கம். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல், சுருக்கம் எங்கே கண்டாலும் உள்ளே பிடித்துத் தைத்துவிடுவதால்தான் பல பேன்ட்டுகள் கெட்டுப்போகின்றன.

முன்பக்கத்தில் கவட்டையிலிருந்து இரு பக்கமும் விசிறிபோல மேல்நோக்கி விறைத்த கோடுகள் கிளம்பினால், அங்கே வளைவின் முனை குட்டையாக இருக்கிறது என்று கொள்ளலாம். உள்கால் தையல் தொடங்கும் அந்த முனையை முன்பாகத்தில் அரை முதல் ஒரு சென்டிமீட்டர் வெளியே நீட்டி, அங்கிருந்து முழங்கால்வரை மெல்ல இணைத்துவிடுங்கள். தொடைக்கும் சற்று இடம் கிடைக்கும், வளைவும் நீளும். இதே கோடுகள் பின்பக்கம் தெரிந்தால் பின்பாகத்தின் முனையை நீட்ட வேண்டும்.

உட்காரும்போது பின்னிடுப்பு கீழே இறங்குவதும், எழுந்தவுடன் அதை மேலே இழுத்துவிட வேண்டியிருப்பதும் பலருக்குப் பழகிப்போன தொந்தரவு. இடுப்பு லூசாக இருப்பதுதான் காரணம் என்று எண்ணி இடுப்புப் பட்டையை இறுக்குவார்கள். இறுக்கினால் வயிறு அழுந்தும், பேன்ட் மட்டும் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். பின்பக்கத்தின் மேல்கீழ் நீளம் போதவில்லை என்பதே உண்மையான காரணம். இதைத் திருத்த, பின்பாகக் காகிதத்தில் சீட் மிகவும் எடுப்பாக உள்ள மட்டத்தில், நடுத் தையல் கோட்டிலிருந்து பக்கத் தையலை நோக்கிக் கிடைமட்டமாக வெட்டிச் செல்லுங்கள். பக்கத் தையல் கோட்டில் ஓர் இழை அளவு காகிதத்தை வெட்டாமல் விட்டுவிடுங்கள். அந்த ஒட்டு கீலாக நிற்க, மேல்பகுதியைத் தூக்கினால் நடுவில் மட்டும் ஓர் இடைவெளி விரியும். அதில் ஒன்றரை அல்லது இரண்டு சென்டிமீட்டர் விரித்து, அடியில் வேறு காகிதம் வைத்து ஒட்டி, நடுக் கோட்டையும் பக்கக் கோட்டையும் உடைவு தெரியாமல் திரும்ப வரையுங்கள். இடுப்பளவு மாறாது, பக்க நீளமும் மாறாது. பின் நடு நீளம் மட்டும் கூடும், அந்தக் கோடும் சற்றுச் சாயும். உட்கார்ந்து எழுபவருக்கு வேண்டியது அந்தச் சாய்வும் நீளமும்தான். பேன்ட் மாதிரியில் செய்யக்கூடிய திருத்தங்களில் இதைப்போல் ஒரே வெட்டில் இவ்வளவு பலன் தருவது வேறொன்றில்லை என்பது என் உறுதியான கருத்து.

பின்பக்கம் தட்டையாக உள்ளவர்களுக்கு இதற்கு நேர்மாறான வேலை. சீட்டுக்குக் கீழே, பின்தொடையில் தளர்ந்த மடிப்புகள் தொங்கும். அதே வெட்டில், விரிப்பதற்குப் பதிலாக ஒன்றின்மேல் ஒன்றை ஏற்றி ஒட்டி நீளத்தைக் குறைக்க வேண்டும். வயிறு முன்னே தள்ளியிருப்பவர்களுக்கு முன்பாகத்தில் நடுக் கோட்டிலிருந்து வெட்டி விரித்தால், முன்னிடுப்பு கீழே வழுக்குவது நிற்கும்.

கவட்டையில் இறுக்கிப் பிடிக்கிறது என்றவுடன் வளைவை இன்னும் கீழே தோண்டி இறக்கிவிடும் வழக்கம் ஒன்று உண்டு. இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கால்கள் பிரியும் இடம் உடலைவிட்டுக் கீழே எவ்வளவு தள்ளிப்போகிறதோ, அவ்வளவுக்கு ஒரு காலைத் தூக்கும்போது மறுகாலின் துணியும் சேர்ந்து இழுபடும். படி ஏறும்போது முழங்காலுக்கு மேல் யாரோ பிடித்து நிறுத்துவதுபோல இருக்கும். வளைவு நன்றாக மேலேயே இருந்து, அதன் நீளமும் வடிவமும் உடலுக்கு ஒத்திருந்தால்தான் கால் தாராளமாக வீசி நடக்க முடியும். சீட் ஆழம் உண்மையிலேயே குறைவாக இருந்தால், இடுப்புக்கும் கவட்டைக்கும் நடுவே முன், பின் இரு பாகங்களிலும் குறுக்காக வெட்டி ஒரே அளவு சேர்க்க வேண்டும். ஆழம் சரியாக இருந்தும் பின்னால் அழுத்துகிறது என்றால், வளைவின் அடிப்பகுதியைக் கால் சென்டிமீட்டர், அரை சென்டிமீட்டராக உள்ளே குடைந்து, ஒவ்வொரு முறையும் அணிந்து பார்க்கலாம். வெட்டிய துணியை மீண்டும் சேர்க்க இயலாது என்பதால், இந்த வேலையில் அவசரம் கூடாது.

சுற்றளவைக் கூட்டிக் குறைப்பதில் ஒரு கணக்கை மட்டும் மறக்கக் கூடாது. பேன்ட்டுக்கு இரண்டு பக்கத் தையல்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு விளிம்புகள். ஆக மொத்தம் 4 சென்டிமீட்டர் கூட்ட வேண்டுமானால் விளிம்புக்கு ஒரு சென்டிமீட்டர்தான் சேர்க்க வேண்டும். சீட் சரியாக அமைந்து, பின்னிடுப்பு மட்டும் வாய் பிளந்து நின்றால் டார்ட்டின் (இடுப்பைக் குறுக்க மடித்துத் தைக்கும் கூர்மடிப்பின்) அகலத்தைக் கூட்டுங்கள். பட்டையையும் நேர்த்துண்டாக வெட்டாமல், மேல்விளிம்பு குறுகிய வளைந்த பட்டையாக வெட்டினால் அது உடலோடு படியும். உயரத்தைக் குறைப்பவர்கள் முழுவதையும் கால் விளிம்பில் வெட்டிவிடாமல், முழங்காலுக்கு மேலே பாதி, கீழே பாதி என்று மடித்துக் குறைத்தால் முழங்கால் வடிவம் முழங்காலிலேயே நிற்கும்.

எந்தத் திருத்தம் செய்தாலும், துணியில் வைப்பதற்கு முன் காகிதத்தைச் சரிபார்த்துவிடுங்கள். முன், பின் பாகங்களை உள்கால் தையலில் முனையோடு முனை சேர்த்து வைத்தால், கவட்டை வளைவு மேடு பள்ளம் இல்லாமல் ஒரே ஓட்டமாக ஓட வேண்டும். பக்கத் தையலில் இரு பாகங்களின் நீளமும் ஒத்துப்போக வேண்டும். உள்கால் தையலில் பின்பாகம் அரை சென்டிமீட்டர் குறைவாக இருக்குமாறு சில மாதிரிகள் வேண்டுமென்றே வரையப்பட்டிருக்கும். அதைத் தைக்கும்போது சற்று இழுத்துச் சேர்க்க வேண்டுமே தவிர, குறை என்று எண்ணி நீட்டக் கூடாது. முழங்காலிலும் கால் விளிம்பிலும் அகலத்தின் நடுவைக் குறித்து, அந்தப் புள்ளிகள் வழியே நெடுக்கு இழைக் கோட்டைப் புதிதாகப் போடுங்கள்; பழைய கோட்டை அப்படியே விட்டால், அகலம் மாறிய கால் ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ளும்.

வெட்டப்போகும் துணி பருத்தியானால், முன்கூட்டியே நனைத்து உலர்த்திச் சுருங்கவிடுங்கள். எலாஸ்டேன் கலந்த, இழுத்தால் நீளும் துணியானால் காடாத் துணியில் பார்த்த பொருத்தம் அதற்குப் பொருந்தாது. ஏறத்தாழ அதே நீட்சியுள்ள வேறு துணியில்தான் சோதிக்க வேண்டும். சோதனைத் துணியை அணிந்துகொண்டு நின்று பார்த்தால் மட்டும் போதாது. உட்காருங்கள், குனியுங்கள், இரண்டு படி ஏறி இறங்குங்கள். அதன் பிறகு ஏதேனும் மாற்றம் செய்தால் அதை உடனே காகிதத்திலும் குறித்து, எந்தத் துணிக்கான திருத்தம் என்பதையும் தேதியையும் மேலே எழுதி, மடிக்காமல் சுருட்டி வையுங்கள். நன்றி, வணக்கம்.