‘ஃபிரெஷ்’ என்றால் எதற்கு எதிர்?

[காட்சி: கிருஷ்ணகிரியிலிருந்து கே.ஆர்.பி. அணைக்குப் போகும் சாலை. மீன் கடை ஒன்றின் பெயர்ப்பலகை. நீலத்தில் வெள்ளை எழுத்து.]

வணக்கம். இந்தப் பலகையைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ‘ஃபிரெஷ் வாட்டர் ஃபிஷ்’ என்று எழுதியிருக்கிறது. போன மாதம் மீன் வறுவல் சாப்பிட இங்கே வந்தோம். ஆறாவது படிக்கும் என் அக்கா மகன் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “மாமா, நல்ல தண்ணியில கழுவுன மீனா?” என்று கேட்டான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடைக்காரருக்கு வரவில்லை. “இல்ல தம்பி, இன்னிக்குப் புடிச்ச மீனு” என்றார்.

இரண்டுமே தப்பு. அந்த ‘ஃபிரெஷ்’ மீனைப் பற்றிப் பேசவே இல்லை, தண்ணீரைப் பற்றிப் பேசுகிறது. ஃபிரெஷ் வாட்டர் என்றால் உப்பில்லாத நீர்: ஆறு, ஏரி, அணை, கிணறு. அதில் வாழும் மீன்தான் ஃபிரெஷ்வாட்டர் ஃபிஷ். நாலு நாள் ஐஸில் கிடந்த கட்லாவும் ஃபிரெஷ்வாட்டர் ஃபிஷ்தான். இன்று விடியற்காலையில் வலையில் விழுந்த வஞ்சிரம் ஒருநாளும் ஆகாது, அது கடல் மீன்.

[காட்சி: கரும்பலகை. சாக்பீஸால் ‘ஃபிரெஷ்’ என்று எழுதி, எதிரே ஒரு கேள்விக்குறி.]

பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு உப்பில்லாதது என்ற பொருள்தான் இருந்தது. புதுசு, வாடாதது, கெடாதது என்பதெல்லாம் பின்னால், பிரெஞ்சு வழியாக வந்த அதன் சொந்தக்காரச் சொல்லோடு சேர்ந்து வந்தவை. ஈரச் சுண்ணாம்புப் பூச்சின் மேல் வரையும் ‘ஃபிரெஸ்கோ’ ஓவியம்கூட இதே குடும்பம்தான்.

ஆகவே ஃபிரெஷ் என்றால் புதியது என்று மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருந்தால் பாதி இடத்தில் மாட்டிக்கொள்வோம். நான் வைத்திருக்கும் வழி ஒன்றுதான். இந்தச் சொல் எங்கே வந்தாலும், இங்கே இதற்கு எதிர்ச்சொல் என்ன என்று கேட்டுப் பார்ப்பேன். தண்ணீருக்கு எதிர் உப்பு. ரொட்டிக்கு எதிர் காய்ந்துபோனது. பட்டாணிக்கு எதிர் உலர்ந்தது, அல்லது உறைய வைத்தது. காயத்துக்கு எதிர் ஆறியது. நாமும் காயத்தைப் பச்சைப் புண் என்கிறோம், புதுப் புண் என்று சொல்வதில்லை.

[காட்சி: தர்மபுரி மாவட்டக் கிராமம் ஒன்றின் அடிபம்பு. வரிசையாகப் பிளாஸ்டிக் குடங்கள்.]

தண்ணீர் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். நம் இரண்டு மாவட்டத்துக்கும் இது வெறும் சொல் விளையாட்டு கிடையாது.

ஃபிரெஷ் வாட்டரைத் தமிழில் நன்னீர் என்கிறோம். அழகான சொல், ஆனால் அந்த ‘நல்’ நம்மை ஏமாற்றிவிடும். ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் உப்புகள் எல்லாம் சேர்ந்து 1,000 மில்லிகிராமுக்குள் இருந்தால் பொதுவாக அது ஃபிரெஷ் வாட்டர் கணக்கில் வந்துவிடும். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் இருக்கிறது. உப்பு குறைவு என்பதைத் தாண்டி அந்தப் பெயர் வேறு எதற்கும் உத்தரவாதம் கொடுப்பதில்லை.

தர்மபுரி, கிருஷ்ணகிரி பகுதிகளில் நிலத்தடி நீர் பாறை இடுக்கில் தங்குகிறது. பாறையிலிருக்கும் ஃப்ளோரைடு அதில் கரைகிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். நம் பக்கம் பல ஊர்களில் அதைத் தாண்டியிருக்கிறது. குடித்துப் பார்த்தால் நாக்குக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. ஆங்கிலத்தில் அது ஃபிரெஷ் வாட்டர்தான். ஆனால் சிறு வயதிலிருந்தே அதைக் குடித்து வளர்ந்தவர்களின் பல்லில் பழுப்புக் கறை விழுந்திருக்கும், மோசமான இடங்களில் எலும்பையும் பாதிக்கும். கொதிக்க வைத்தாலும் ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். இதற்காகத்தான் ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கலில் இருந்து காவிரியைக் குழாயில் கொண்டுவரும் திட்டம் வந்தது, 2013-ல் தொடங்கி வைத்தார்கள். அதன் பெயரிலேயே ஃப்ளோரோசிஸ் தடுப்பு என்று இருக்கும்.

[காட்சி: கிருஷ்ணகிரி சந்தை, ஜூன் மாதம். பெங்களூரா மாங்காய் குவியல். பக்கத்தில் மாம்பழக்கூழ் டின்.]

அடுத்தது மாம்பழம். பாட்டில் ஒன்றில் ‘மேட் ஃபிரம் ஃபிரெஷ் மேங்கோஸ்’ என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். இங்கே ஃபிரெஷ் என்பது உள்ளே போன மாங்காயைப் பற்றிய பேச்சு. வெளியே வந்த ஜூஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நம்மூர் பெங்களூரா கூழாகி, சூடேறி, டின்னில் அடைபட்டு மாதக்கணக்கில் இருக்கும். மாம்பழ சீசன் இல்லாத ஜனவரியில் குடிக்கும் மாம்பழ ஜூஸ் வேறு எங்கிருந்து வரும்? நல்ல கூழ்தான், தப்பே இல்லை. ஆனால் ஃபிரெஷ் கிடையாது.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் கொண்டுவந்த விளம்பர விதிகளின்படி, ஃபிரெஷ் என்ற சொல்லை இஷ்டத்துக்குப் போட முடியாது. கழுவலாம், தோல் சீவலாம், நறுக்கலாம், குளிர வைக்கலாம். இந்த மாதிரி அளவோடு நின்ற பொருளுக்குத்தான் அந்தச் சொல். இங்கே அதன் எதிர்ச்சொல் ‘பதப்படுத்தியது’. பழசு என்ற பேச்சே வரவில்லை, கவனித்தீர்களா?

[காட்சி: ஒரு விண்ணப்பப் படிவம். மேலே சிவப்பு மையில் குறிப்பு.]

இனி எனக்கு வலித்த இடம். சில வருடங்களுக்கு முன் ஒரு சான்றிதழுக்கு விண்ணப்பித்தேன். ‘சப்மிட் எ ஃபிரெஷ் அப்ளிகேஷன்’ என்று திருப்பி அனுப்பினார்கள். நான் பழைய படிவத்தையே சுத்தமாகத் திருத்தி, புதிதாக ஜெராக்ஸ் எடுத்துக் கொண்டுபோய் நீட்டினேன். ஜெராக்ஸ் சூடு ஆறாமல் ஃபிரெஷ்ஷாகத்தான் இருந்தது. அவர்கள் கேட்டது முதலிலிருந்து இன்னொரு விண்ணப்பம்: புதுப் படிவம், புது எண், மறுபடியும் கட்டணம். இங்கே எதிர்ச்சொல் ‘திருத்தியது’. மூன்று வாரம் போச்சு.

ஓசூர் பக்கம் வேலை தேடும் தம்பிகளுக்கு ‘ஃபிரெஷர்’ தெரியாமல் இருக்காது. முன் அனுபவம் இல்லாதவர். ஆனால் இது இந்தியப் பழக்கம். இங்கிலாந்தில் ஃபிரெஷர் என்றால் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு சேர்ந்த மாணவர். அப்புறம், ‘ஃபிரெஷ் அப் ஆயிட்டு வரேன்’ என்கிறோமே, அங்கே அது ‘ஃபிரெஷன் அப்’. நமக்குள் பேசிக்கொள்ள நம்முடையதே போதும், மெயிலில் எழுதும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

காற்றுக்கும் இந்தச் சொல் உண்டு. ‘ஃபிரெஷ் ஏர்’ என்றால் அடைபடாத காற்று. ‘ஃபிரெஷ் பிரீஸ்’ என்றால் இதமான தென்றல் என்றுதான் நினைப்போம். கடலோடிகளின் போஃபர்ட் அளவுகோலில் அது ஐந்தாம் எண், மணிக்கு 29 முதல் 38 கிலோமீட்டர் வேகம். சின்ன மரங்களே ஆடும்.

எல்லாவற்றையும்விட வேடிக்கையானது, அமெரிக்கர்கள் சொல்லும் ‘வீ ஆர் ஃபிரெஷ் அவுட் ஆஃப் மேங்கோஸ்’. மாம்பழம் ஃபிரெஷ்ஷாக வந்து இறங்கியிருக்கிறது என்று பையை எடுத்துக்கொண்டு ஓடிவிடாதீர்கள். இப்போதுதான் தீர்ந்துபோச்சு என்கிறார்கள். இன்னொன்று, ‘கெட்டிங் ஃபிரெஷ் வித்’ ஒருவர். வாய்த்துடுக்காகவோ அத்துமீறியோ நடந்துகொள்வது. நண்பர்களானார்கள் என்று யாராவது மொழிபெயர்த்தால் வம்பு.

[காட்சி: மறுபடியும் அதே மீன் கடை. கடைக்காரர் ஒரு ரோகுவின் செவுளைத் தூக்கிக் காட்டுகிறார்.]

இந்த வீடியோவுக்காகத் திரும்பப் போனபோது, கடைக்காரர் முதலில் மீனைத்தான் காட்டினார். செவுள் ரத்தச் சிவப்பு, கண் குழியாமல் கண்ணாடி மாதிரி, விரலால் அழுத்தினால் சதை உடனே மேலெழும்புகிறது. “பாத்துக்கங்க சார், பச்ச மீனு. போர்டு சரிதானே?”

போர்டும் சரி, மீனும் சரி, ஆனால் வேறு வேறு காரணத்துக்கு என்றேன். ஃபிரெஷ், வாட்டர் இரண்டையும் ஒட்டி ஒரே சொல்லாக எழுதினால் குழப்பம் குறையும், ஆங்கிலத்திலும் மீனுக்கு முன்னால் வரும்போது அப்படித்தான் எழுதுவார்கள் என்றும் சொல்லிவிட்டு வந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை போனேன். பலகையை மறுபடி எழுதியிருந்தார், ஒட்டித்தான். கீழே ஒரு அட்டை தொங்கியது: ‘ஃபிரெஷ் பெயிண்ட்’. நான் அதைப் படிப்பதற்குள் பையன் கை வைத்துவிட்டான். உள்ளங்கை நீலம்.

“இதுக்கு எதிர்ச்சொல் என்னடா?”

கையைச் சட்டையில் தேய்த்துக்கொண்டே, “காஞ்சது, மாமா” என்றான்.