அவள் எங்கே போய்க்கொண்டிருந்தாள்?

[திரை: கறுப்பு. ஷூ சத்தம் மட்டும்.]

முதலில் ஷூ. அப்புறம் முறுக்கிய கை. அப்புறம் முதுகு. கடைசியில்தான் முகம். கதாநாயகன் வந்துவிட்டான்.

இப்போது கதாநாயகியின் ஓபனிங் சீன். காற்றில் பறக்கும் முடி, கழுத்து, இடுப்பு, ஸ்லோமோஷனில் ஒரு திரும்பல். இவளையும் கேமரா துண்டு துண்டாகத்தான் காட்டுகிறது. ஆனால் அவனுடைய கை அடுத்த நொடி யாரையோ அடிக்கப் போகிறது, கால் எங்கோ போகிறது. இவளுடைய கழுத்துக்கு ஒரு வேலையும் இல்லை.

[திரை: மூன்று கட்டங்கள். அவன் முகம். அவள். மறுபடி அவன் முகம்.]

இந்த மூன்று ஷாட்டையும் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். அவன் எதையோ பார்த்து அசந்து நிற்கிறான். அடுத்த ஷாட்டில் அவள். மறுபடி அவன், வாயைப் பிளந்தபடி. எடிட்டிங்கில் இப்படிக் கோத்துவிட்டால் நடுவில் இருக்கும் ஷாட் அவனுடைய கண்ணாகிவிடுகிறது. தியேட்டரில் உட்கார்ந்திருக்கும் நாமும், ஆணோ பெண்ணோ, அந்தக் கண் வழியாகத்தான் அவளைப் பார்த்தாக வேண்டும். 1975ல் லாரா மல்வி என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் 'ஸ்கிரீன்' இதழில் எழுதிய கட்டுரையில் இதைத்தான் 'ஆண் பார்வை' என்றார். கேமரா பார்ப்பது, பார்வையாளர் பார்ப்பது, கதாபாத்திரம் பார்ப்பது மூன்றும் எப்படி ஓர் ஆணின் கண்ணில் போய்ச் சேருகின்றன என்று ஹாலிவுட் படங்களை வைத்து அவர் விளக்கினார்.

சரி, அவளை எப்படிப் பார்க்கிறார்கள் என்பது ஒரு பக்கம். அவள் என்ன பேசுகிறாள்?

1985ல் அமெரிக்க கார்ட்டூனிஸ்ட் அலிசன் பெக்டெல் ஒரு சின்ன காமிக்ஸ் வரைந்தார். இரண்டு பெண்கள் சினிமாவுக்குப் போகலாமா என்று பேசிக்கொள்கிறார்கள். ஒருத்தி தனக்கு மூன்று நிபந்தனை உண்டு என்கிறாள். படத்தில் குறைந்தது இரண்டு பெண்கள் இருக்க வேண்டும். அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேச வேண்டும். அந்தப் பேச்சு ஓர் ஆணைப் பற்றியதாக இருக்கக் கூடாது. இன்று இதற்கு பெக்டெல் டெஸ்ட் என்று பெயர். 2013ல் ஸ்வீடனில் சில தியேட்டர்கள் இதில் தேறிய படங்களுக்கு 'ஏ' என்று முத்திரையே போடத் தொடங்கின. நம்மூர் 'வயது வந்தோருக்கு மட்டும்' ஏ இல்லை இது.

இதை மார்க் ஷீட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. அதே 2013ல் வந்த கிராவிட்டி, விண்வெளியில் தனியாகச் சிக்கிய ஒரு பெண் உயிரோடு திரும்பப் போராடும் கதை. அது தேறாது. அவளோடு பேச இன்னொரு பெண்ணே படத்தில் இல்லை. இரண்டு தோழிகள் அரை நிமிடம் உடையைப் பற்றிப் பேசிவிட்டால் எவ்வளவு மோசமான படமும் தேறிவிடும். இருந்தும் எனக்கு இந்த டெஸ்ட் பிடிக்கும். அது கேட்பது இவ்வளவு கொஞ்சம்தான். அதைக்கூடக் கொடுக்காத படங்கள் எத்தனை என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

[திரை: ஒரு விண்கலத்தின் மூடிய கதவு.]

அந்த காமிக்ஸ் பெண்ணால் கடைசியாகப் பார்க்க முடிந்த படம், 1979ல் வந்த ஏலியன். ஒரு விண்கலத்துக்குள் வேற்றுக்கிரகப் பிராணி புகுந்துவிடும் கதை. அதில் இரண்டு பெண்கள் அந்த வேற்றுக்கிரகப் பிராணியைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள். டான் ஓபேனன் எழுதிய அந்த ஸ்கிரிப்ட்டில் ஒரு குறிப்பு இருந்தது: எந்தப் பாத்திரத்தையும் ஆண் நடிக்கலாம், பெண்ணும் நடிக்கலாம். ரிப்ளி என்ற பாத்திரத்துக்கு சிகர்னி வீவர் வந்தார்.

ஒரு காட்சி. கலத்தை விட்டு இறங்கிப் போனவர்கள் திரும்பி வருகிறார்கள். ஒருவன் முகத்தில் ஏதோ ஓர் உயிரி கவ்விக்கொண்டிருக்கிறது. கதவைத் திற என்கிறார் கேப்டன். உள்ளே பொறுப்பில் இருப்பவள் ரிப்ளி. 24 மணி நேரம் தனிமைப்படுத்த வேண்டும், அதுதான் விதி, திறக்க முடியாது என்கிறாள். அழவில்லை, கெஞ்சவில்லை. கடைசியில் இன்னொருவர் கதவைத் திறந்துவிடுகிறார். அவள் பயந்ததுதான் அப்புறம் படம் முழுக்க நடக்கிறது. இந்தக் காட்சி அவளுடையது. அவளுக்கு இங்கே ஒரு வேலை இருக்கிறது, எடுக்க வேண்டிய முடிவு ஒன்று இருக்கிறது.

எனக்கு இதில் சந்தோஷத்தோடு ஒரு வலியும் உண்டு. இவள் பெண்தான் என்று முதலிலேயே முடிவு செய்து எழுதியிருந்தால் இந்தக் கதவு அவள் கைக்கு வந்திருக்குமா? அலறுகிறவளாகவோ, யாராவது வந்து காப்பாற்ற வேண்டியவளாகவோ, 'லூசுப் பொண்ணு' என்று நாம் சொல்வோமே, அப்படிச் சிரித்துவிட்டுப் போகிறவளாகவோ ஆகியிருக்கலாம். அதே படத்தின் கடைசியில், தப்பித்து வந்த சின்னக் கலத்தில், ரிப்ளி உடையைக் களைந்து உள்ளாடையோடு நிற்கிறாள். கேமரா அங்கே தேவைக்கு மேல் நிற்கிறது. எழுத்து அவளை ஓர் ஆளாக நடத்தியது. கேமரா பழைய பழக்கத்துக்கே போய்விட்டது.

வயது விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 1959ல் வந்த நார்த் பை நார்த்வெஸ்ட் என்ற ஹாலிவுட் படத்தில் நாயகன் கேரி கிராண்டுக்கு அம்மாவாக நடித்த ஜெஸ்ஸி ராய்ஸ் லாண்டிஸ், அவரைவிட எட்டு வயதுகூட மூத்தவர் இல்லை. நாயகன் காதலித்துக்கொண்டே இருக்க, நாயகி அம்மாவாகிவிடும் வழக்கம் இன்னும் போகவில்லை.

பெண்கள் சினிமாவுக்குத் தாமதமாக வந்தார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆலிஸ் கீ என்ற பிரெஞ்சுப் பெண் 1890களிலேயே படம் இயக்கியிருக்கிறார். ஆனால் 1929ல் தொடங்கிய ஆஸ்கரில் சிறந்த இயக்குநர் விருது ஒரு பெண் கைக்கு வந்தது 2010ல், கேத்ரின் பிக்லோவுக்கு. இயக்குநர் பெண்ணாக இருந்தாலே எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் கதை விவாதத்தில் 'இந்த சீனுக்கு இவள் எதற்கு வந்தாள்?' என்று ஒரு குரல் கேட்டாக வேண்டும்.

[திரை: மறுபடியும் பறக்கும் முடி. படம் அப்படியே உறைகிறது.]

அடுத்த தடவை இந்த ஷாட் வரும்போது இப்படி நிறுத்திப் பாருங்கள். அவன் எதிரே வருவதற்கு ஒரு நிமிடம் முன்னால் இவள் எங்கே போய்க்கொண்டிருந்தாள்? யாரைப் பார்க்க? என்ன அவசரம்? படத்தில் எங்கேயாவது பதில் கிடைத்தால் அந்தப் படத்தின் பெயரை எனக்குச் சொல்லுங்கள். நான் தேடிப் பார்க்கிறேன்.