திருட்டு பாஷைக்கு ஒரு டியூஷன்

நேயர்களுக்கு வணக்கம்.

பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பார், யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பார் என்று இலக்கண வகுப்பில் குழூஉக்குறிக்கு உதாரணம் படித்திருப்பீர்கள். வெளியாருக்குப் புரியக் கூடாது என்பதற்காகவே ஒரு கூட்டத்தார் வைத்துக்கொள்ளும் சொல். சரி, அதை நாடக மேடையில் ஊர் முழுக்கக் கேட்கும்படி பேசினால் என்ன ஆகும்? புரியாவிட்டால் யாரும் சிரிக்கமாட்டார்கள். புரிந்துவிட்டாலோ அது குழூஉக்குறியே இல்லை. பழைய லண்டன் நகைச்சுவை நாடகக்காரர்களுக்கு இந்தச் சிக்கல் இருந்தது.

1611இல் அச்சான ‘தி ரோரிங் கேர்ள்’, தாமஸ் மிடில்டனும் தாமஸ் டெக்கரும் சேர்ந்து எழுதிய நாடகம். அதன் நாயகி மால், மேரி ஃபிரித் என்ற நிஜப் பெண்ணைப் பார்த்து எழுதப்பட்டவள். அந்த மேரி லேசுப்பட்டவள் அல்ல. ஆண் உடையில் ஃபார்ச்சூன் அரங்கின் மேடையிலேயே உட்கார்ந்து, லூட் என்ற நரம்பு வாத்தியத்தை வாசித்துப் பாடினாள் என்று சர்ச் நீதிமன்றத்தில் பதிவு இருக்கிறது.

ஐந்தாம் அங்கத்தில், ஏழைச் சிப்பாய் வேஷத்தில் வரும் ஒரு போக்கிரி மாலிடம் மாட்டிக்கொள்கிறான். வேஷம் கலைந்தும் வாய் அடங்கவில்லை. வீட்டில் புகுந்து திருடலாம், பணப்பை அறுக்கலாம், அப்புறம் புதருக்கடியில் படுத்துக்கொள்ளலாம் என்று திருட்டு பாஷையில் அடுக்குகிறான். அதற்கு மேல் அவன் சொன்னதை வானொலியில் சொல்ல முடியாது. மால் அவனை அடித்து உதைக்கிறாள். பக்கத்தில் நிற்கும் கனவான்களுக்கோ ஒன்றும் விளங்கவில்லை, அர்த்தம் கேட்கிறார்கள். ‘கென்’ என்றால் வீடு, ‘பங்’ என்றால் பணப்பை என்கிற ரீதியில் அவள் உரை சொல்லிக்கொண்டே போகிறாள். கடைசி இரண்டு வினைச்சொற்களுக்கு வந்ததும், இரண்டும் ஒன்றுதான், இவனையே கேளுங்கள் என்று நழுவிவிடுகிறாள். அவன் பணிவாகச் சொல்லும் விளக்கம் ‘ஃபடூட்லிங்’. அதுவும் புரியாத வார்த்தை! ஆனால் கொட்டகையில் புரியாதவர் யாரும் இருந்திருக்கமாட்டார்கள்.

டெக்கர் இந்தச் சொற்களைத் திருடர்களிடம் போய்க் கேட்டு எழுதினார் என்று நினைக்க வேண்டாம். 1608இல் அவரே வெளியிட்ட சிறு நூலில் இருந்த சொற்பட்டியலில் பெரும்பகுதி, 1560களில் கென்ட் பகுதிக் கனவான் தாமஸ் ஹார்மன் அச்சிட்டதிலிருந்து எடுத்தது. திருட்டு பாஷையையே திருடியிருக்கிறார்! மேடைத் திருடன் பேசியதில் பாதி, புத்தகத்திலேயே வாழ்ந்த பாஷை என்பது என் சந்தேகம்.

எனக்கு இதைவிடப் பிடித்தது 1688இல் வந்த தாமஸ் ஷாட்வெல்லின் ‘தி ஸ்குயர் ஆஃப் ஆல்சேஷியா’. ஆல்சேஷியா என்பது லண்டனில் வைட்ஃபிரையர்ஸ் பகுதிக்கு வழங்கிய பட்டப்பெயர். ஒரு காலத்தில் மடம் இருந்த இடம். மடத்தில் தஞ்சம் புகுந்தவரைப் பிடிக்கக் கூடாது என்ற பழைய சலுகையைப் பிடித்துக்கொண்டு, கடன் வாங்கியவர்கள் கைதுக்குத் தப்பி அங்கே பதுங்குவார்கள். நாடகத்தின் சீட்லியும் அப்படித்தான், கடனுக்குப் பயந்து அந்தப் பேட்டையைவிட்டு வெளியே தலைகாட்டமாட்டான். தந்தைக்குத் தெரியாமல் கிராமத்திலிருந்து வந்த பணக்கார வாரிசு பெல்ஃபாண்ட், சீட்லியின் கும்பலிடம் சிக்குகிறான். வரப்போகும் சொத்தைக் காட்டி அவனைக் கடனில் இறக்க வேண்டும். அதற்கு முதல் வேலையாகப் பாடம் எடுக்கிறார்கள். பணத்துக்கு ‘கோல்’, ‘ரெடி’, ‘ரைனோ’ என்று மூன்று சொல். கையில் காசு புரண்டால் நீ ‘ரைனோசெரிக்கல்’ என்கிறார்கள். பையனுக்குத் தலைகால் புரியவில்லை. ஒவ்வொரு வார்த்தை கற்கும்போதும் லண்டன்காரன் ஆகிவிட்டதாக நினைக்கிறான். ஏமாளிக்கும் அந்தப் பாஷையில் ‘பபிள்’ என்று ஒரு சொல் உண்டு. அது தன்னைக் குறிக்கும் என்பது அவனுக்கு உறைக்கவே இல்லை.

ஷாட்வெல் இங்கேதான் கெட்டிக்காரர். டெக்கருக்கு அர்த்தம் சொல்ல மால் தனியாகத் தேவைப்பட்டாள்; இங்கே அர்த்தம் சொல்வதே மோசடியின் முதல் படி. பெல்ஃபாண்டோடு சேர்ந்து கொட்டகையும் பாடம் கேட்கிறது.

நாடகம் தொடர்ந்து 13 நாள் ஓடியது. அன்றைய லண்டனில் அது பெரிய ஓட்டம். வழக்கப்படி மூன்றாம் நாள் வசூல் ஆசிரியருக்கு. அதில் ஷாட்வெல்லுக்கு 130 பவுண்டு கிடைத்ததாக, திரைமறைவில் நின்று வசனம் எடுத்துக்கொடுத்த ஜான் டவுன்ஸ் எழுதி வைத்திருக்கிறார். 1697இல் சட்டம் போட்டு வைட்ஃபிரையர்ஸின் சலுகையை ஒழித்தார்கள்.

அச்சுப் பிரதியில் அருஞ்சொற்பொருள் பட்டியலும் உண்டு. தெளிவு என்று பொருள்படும் ‘கிளியர்’ என்ற சொல்லுக்கு அதில் தந்திருக்கும் அர்த்தம்: நல்ல போதை.

வணக்கம்.